பழைய நிரப்பலும் புதிய சுழற்கருவியும்: பல்வேர்ச் சிகிச்சை வரலாற்றில் ஒரு நோக்கு

மருத்துவ வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஆக்கத்தின் வரலாற்றையே எழுதுவர். ஆக்கியதைக் களைந்து மீண்டும் செய்ய நேர்ந்த கதை ஏடுகளின் ஓரங்களிலேயே ஒதுங்கிக் கிடக்கும். பல்வைத்தியத் துறையும் இதற்கு விலக்கன்று. பல்லின் வேர்க்கால்வாயை முதலில் நிரப்பியவர் யார், எதனைக் கொண்டு நிரப்பினார் என்பன பற்றிப் பாடநூல்கள் விரிவாகக் கூறும். நிரப்பிய பல் மீண்டும் நோயுற்றபோது அந்நிரப்பல் எவ்வாறு வெளியே எடுக்கப்பட்டது என்பது பற்றியோ ஒரு பந்தியைக் காண்பதும் அரிது.

பல்லின் நடுவே குருதிக் குழாய்களும் நரம்பும் அடங்கிய மென்மையான மச்சை உள்ளது. அது வேரின் நுனிவரை ஒடுங்கிய கால்வாய்களுள் நீண்டு செல்லும். சூத்தை ஆழமாகிப் பற்றீரியாக்கள் மச்சையைப் பற்றிக்கொள்ளும்போது, மச்சையை அகற்றிக் கால்வாயைச் சுத்தஞ் செய்து, வெற்றிடத்தை அடைத்து மூடுவதே வேர்ச் சிகிச்சை எனப்படுவது. அடைத்த பின்னரும் நுண்ணுயிர்கள் எஞ்சி நிற்குமாயின், வேர்நுனியைச் சூழ்ந்த தாடை என்பு கரையத் தொடங்கும். அந்நிலையில் பல்லைப் பிடுங்கலாம்; முரசைக் கீறி வேர்நுனியை வெட்டலாம்; அன்றேல் பழைய நிரப்பலை முற்றாக நீக்கி மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம். மூன்றாவது வழியே பல்லுக்கும் நோயாளிக்கும் குறைந்த இழப்பைத் தருவது. அதன் வெற்றி, நிரப்பல் எவ்வளவு தூரம் நீக்கப்படுகிறது என்பதிற் பெரிதும் தங்கியுள்ளது. நிரப்பலின் பின்னே ஒளிந்திருக்கும் பற்றீரியாவை எந்த மருந்துநீரும் சென்றடைய முடியாதன்றோ?

இப்பணிக்கென அண்மைக்காலத்தில் தோன்றிய சுழலும் கருவிகளுள் எது சிறந்தது என்ற கேள்வி, இருபத்தோராம் நூற்றாண்டின் பல்வைத்திய ஆய்விதழ்களில் இடைவிடாது எழுப்பப்பட்டு வருகிறது. இக்கேள்வியின் வரலாற்றை ஊன்றி நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். விரைவு என்பதும் தூய்மை என்பதும் வெவ்வேறு வினாக்கள். இயந்திரம் முதலாவது வினாவுக்கு விடை கண்ட ஒவ்வொரு முறையும், இரண்டாவதற்கும் விடை கிடைத்துவிட்டதாகவே கொண்டாடப்பட்டது.

கருவியைப் பற்றிப் பேசுமுன் அது எதிர்கொள்ளும் பொருளைப் பற்றிப் பேசுதல் முறையாகும். கட்டாபேர்ச்சா என்னும் அப்பொருள் மலாய் நாட்டுக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால். வன்னிக் காட்டுப் பாலையும் நம்மூர்களின் இலுப்பையும் அம்மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவையே. வெந்நீரில் இட்டால் இளகி, ஆறியதும் கடினமாகும் அப்பொருளைக் கொண்டு மலாய் மக்கள் கத்திகளுக்குப் பிடி செய்துவந்தனர். சிங்கப்பூரிற் பணியாற்றிய வில்லியம் மொன்ற்கொமறி என்ற வைத்தியர் இதனைக் கண்டு, 1843 ஆம் ஆண்டில் இலண்டனுக்கு மாதிரிகளை அனுப்பினார். இறப்பரும் இதுவும் ஒரே மூலக்கூற்று அலகால் ஆனவை. அலகுகள் பிணைந்துள்ள ஒழுங்கு மாத்திரம் வேறு. அவ்வேறுபாடே ஒன்றை இழுபடுவதாகவும் மற்றதை விறைப்பானதாகவும் ஆக்கிற்று. கடல்நீர் இதனை அரிப்பதில்லை என்று கண்டதும், ஆங்கிலக் கால்வாயிலும் பின்னர் அத்திலாந்திக்கிலும் இடப்பட்ட தந்திக் கம்பிகளுக்கு இதுவே உறையாயிற்று. மரத்தை வெட்டி வீழ்த்தியே பால் எடுக்கப்பட்டமையால், கம்பிகள் நீள நீளக் காடுகள் அழிந்தன. குடியேற்றவாதப் பொருளாதாரத்தின் அந்தத் துயரக் கதை தனியே எழுதத்தக்கது.

கடலடித் தந்திக்கு உறையான பொருள் பல்லுக்குள் புகுவதற்கு நெடுங்காலம் செல்லவில்லை. அமெரிக்கரான அசா ஹில் 1847 ஆம் ஆண்டளவில் இதனை வேறு தூள்களுடன் கலந்து பற்குழிகளை அடைக்கும் பொருளாக்கினார். 1867 இல் சென் லூயிஸ் நகரைச் சேர்ந்த போமன், வேர்க்கால்வாயை நிரப்ப இதனைப் பயன்படுத்தினார். 1887 இல் எஸ். எஸ். வைற் நிறுவனம் இதனை மெல்லிய கூம்புக் குச்சிகளாக வார்த்து விற்கத் தொடங்கிற்று. இன்றைய குச்சியில் உண்மையான கட்டாபேர்ச்சா ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே; பெரும்பகுதி நாக ஒட்சைட்டாகும். ஆயினும் பழம்பெயர் நிலைத்துவிட்டது.

இது நிலைத்தமைக்குக் காரணங்கள் பல. உடலின் நீர்மங்களில் கரையாது, சுருங்கிப் போகாது, இழையங்களை அதிகம் உறுத்தாது. இவற்றோடு இன்னுமொரு காரணமும் உண்டு. பிலடெல்பியாவைச் சேர்ந்த லூயி குரொஸ்மன், சிறந்த வேர் நிரப்பலுக்கு இருக்கவேண்டிய பண்புகளை வரிசைப்படுத்தியபோது, தேவையேற்படின் எளிதில் நீக்கக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்பதையும் ஒன்றாக வைத்தார். தன் தொழில் தோற்கலாம் என்பதை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்ட அந்த நேர்மை பாராட்டத்தக்கது. கட்டாபேர்ச்சா குளோரோபோமிற் கரையும், வெப்பத்தில் இளகும். ஆகவே நீக்கக்கூடியது என்று கொள்ளப்பட்டது. எளிதில் நீக்கக்கூடியதா என்பதே பின்னர் எழுந்த பிரச்சினை.

இனிக் கருவிகளின் பக்கம் திரும்புதல் தகும். வாஷிங்ரனிற் பல்வைத்தியராக விளங்கிய எட்வேட் மேனாட், 1838 இல் மணிக்கூட்டு வில்லைத் தேய்த்து, மச்சையை இழுத்தெடுக்கும் கருவியொன்றை ஆக்கினார் என்பர். இதே மேனாட் துப்பாக்கிப் பொறிகளையும் கண்டுபிடித்தவர்; அமெரிக்க உள்நாட்டுப் போரில் அவர் பெயர் தாங்கிய துப்பாக்கிகள் பயன்பட்டன. நுண்ணிய உருக்கு வேலையில் கைதேர்ந்த ஒருவருக்கு வேர்க்கால்வாயும் துப்பாக்கிக் குழலும் ஒருவகையில் ஒன்றாகவே தோன்றியிருத்தல் கூடும். 1871 இல் மொறிசன் என்பார் காலால் மிதித்து இயக்கும் பல்வைத்திய இயந்திரத்தை அமைத்தார். தையல் இயந்திரத்தைப் போன்ற அதன் மிதிபலகை, சுழற்சியைப் பல்வைத்தியரின் கைக்குக் கொண்டுவந்தது. 1885 அளவில் கேற்ஸ்-கிளிடன் என இன்றும் வழங்கும் சுழற்துளைக்கருவி தோன்றிற்று. நீண்ட மெல்லிய தண்டின் நுனியில் பூவரும்பு போன்ற வெட்டுமுனை கொண்ட அது, கால்வாயின் நேரான மேற்பகுதிக்கே உரியது; வளைவில் நுழைந்தால் பக்கச் சுவரைத் துளைத்துவிடும்.

வளைந்த வேருக்குள் ஊசியைச் சுழலவிடத் துணிந்தவர் பொஸ்ரனைச் சேர்ந்த வில்லியம் றொலின்ஸ். 1889 இல் அவர் தனிப்பட அமைத்த ஊசிகளைக் கைப்பிடிக் கருவியிற் பொருத்தி முழுவட்டமாகச் சுழற்றினார். ஊசி முறியாதிருக்கும் பொருட்டு வேகத்தை நிமிடத்துக்கு 100 சுற்றுகளுக்குள் மட்டுப்படுத்தினார். இவ்வெண் நினைவிற் கொள்ளத்தக்கது. சுழலும் கருவி பிறந்த நாளிலேயே அதன் பிறவிக் குறையும் அறியப்பட்டிருந்தது என்பதற்கு இது சான்று.

றொலின்ஸின் பெயர் வேறொரு காரணத்தாலும் நிலைபெற்றது. எக்ஸ் கதிர்கள் 1895 இற் கண்டறியப்பட்ட சில ஆண்டுகளுள்ளே, அவை உயிரைக் கொல்லவல்லன என்பதைக் கினிப் பன்றிகளைக் கொண்டு மெய்ப்பித்து 1901 இல் எச்சரித்தவர் அவர். அவ்வெச்சரிக்கை அன்று உரிய செவியைச் சென்றடையவில்லை. நியூ ஓர்லியன்ஸைச் சேர்ந்த எட்மண்ட் கெல்ஸ், 1899 இல் வேர்க்கால்வாயுள் கம்பியை இட்டு எக்ஸ் கதிர்ப்படம் பிடித்து, அது எதுவரை சென்றுள்ளது எனக் கண்டார். அன்றுவரை இருளிற் செய்யப்பட்ட தொழில் அன்றே கண் பெற்றது. ஆனால் அக்கதிர்களாற் கெல்ஸ் தம் விரல்களையும் பின்னர் கையையும் இழந்து, 1928 இல் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். பழைய நிரப்பல் குறையுடையது என்பதை நோயாளியின் வாயைத் திறவாமலே இன்று காணமுடிகிறதென்றால், அதற்குக் கொடுக்கப்பட்ட விலை அது.

கண் திறந்ததும் கண்ட காட்சி மகிழ்ச்சிக்குரியதாக இருக்கவில்லை. அரைகுறையாக நிரப்பிய வேர்களும் கரைந்த என்பும் படங்களில் தெரிந்தன. 1910 இல் இலண்டன் வைத்தியர் வில்லியம் ஹன்ரர், மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், அழுகிய வேர்களின்மீது பொன் மூடிகளை எழுப்பும் பல்வைத்தியத்தைக் கடுமையாகச் சாடினார். உடலின் பல நோய்களுக்கும் வாயின் அழுக்கே ஊற்று என்பது அவர் கருத்து. அவர் தாக்கியது முறைகெட்ட மூடிகளையும் பாலங்களையுமே. எனினும், செத்த பல் யாவும் ஆபத்து என்ற முடிவுக்குப் பலர் தாவினர். அடுத்து வந்த பத்தாண்டுகளில் நிரப்பிய பற்கள் எண்ணின்றிப் பிடுங்கப்பட்டன. பல்லைக் காப்பது தவறு என்று கருதப்பட்ட காலத்தில், நிரப்பலை நீக்கி மீளச் செய்யும் கலை வளர இடமேது? அக்கலையின் வரலாற்றிற் காணப்படும் நீண்ட வெறுமைக்கு இது முக்கிய காரணமாகும்.

இடைக்காலத்தைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். நிரப்பலை நீக்கும் பணி கையாலேயே நடைபெற்றது. சூடாக்கிய கம்பியால் மேற்பகுதியை இளக்கி எடுப்பர். குளோரோபோம் துளிகளை இட்டுக் கூழாக்குவர். கூரிய விளிம்புடைய ஹெட்ஸ்ற்றம் அரத்தைத் திருகி நுழைத்து இழுப்பர். குளோரோபோம் விரைவாக வேலை செய்யும். ஆயினும் கரைந்த கூழ் மென்படலமாகச் சுவரிற் படிந்து நுண்துளைகளை மூடிக்கொள்ளும். வெளியே எடுக்க வேண்டியது இன்னும் உள்ளே தள்ளப்படும். அப்பொருளின் நச்சுத்தன்மை பற்றிய ஐயமும் வலுத்தது. 1976 இல் அமெரிக்க அரசு மருந்துகளிலும் ஒப்பனைப் பொருள்களிலும் அதனைத் தடைசெய்தபின், தோடம்பழத் தோலெண்ணெயும் இயூக்கலிப்ரசு எண்ணெயும் மாற்றாக நாடப்பட்டன. அவை மெதுவாகவே கரைப்பன. 1930களிற் புகுந்த வெள்ளிக் குச்சிகள் கால்வாயுள் அரிப்புற்றுக் கறுப்பதை 1972 இல் வெளியான ஆய்வொன்று காட்டியபின் அவை வழக்கொழிந்தன. அவற்றைப் பிடுங்கியெடுத்த தலைமுறைக்குக் கட்டாபேர்ச்சாவின் அருமை நன்கு விளங்கியிருக்கும்.

இக்காலத்தின் பெருஞ்சாதனை அளவு பற்றியது. ஒவ்வொரு நிறுவனத்தின் அரமும் ஒவ்வோர் அளவில் இருந்த குழப்பத்தைக் கண்ட ஜோன் இங்கிள், 1950களின் பிற்பகுதியில் ஓர் ஒழுங்கை முன்வைத்தார். நுனியின் விட்டத்தைக் கொண்டே அரத்துக்கு எண் இடப்படும்; ஒவ்வொரு மில்லிமீற்றர் நீளத்துக்கும் 0.02 மில்லிமீற்றர் வீதம் தடிப்பு ஏறும். இவ்வொழுங்கு இல்லாவிடின் பின்னர் எந்த ஒப்பீடும் பொருளற்றதாகியிருக்கும். 1964 இல் பிரான்சிலிருந்து ஜிறோமற்றிக் என்னும் கைப்பிடி வந்தது. அது அரத்தை முழுவட்டமாகச் சுழற்றாமல் 90 பாகை முன்னும் பின்னும் ஆட்டிற்று. பல்வைத்தியரின் கைச்சோர்வு குறையும், நேரம் மிஞ்சும் என விற்கப்பட்டது. ஆனால் அதிற் பூட்டப்பட்டது வளையாத உருக்கு அரமே. வளைந்த கால்வாயை அது தன்போக்கில் நேராக்கிக் கெடுத்தது. உருக்கின் இயல்பு மாறாதவரை இயந்திரத்தின் இயல்பை மாற்றிப் பயனில்லை என்பதை ஏற்றுக்கொள்ள இருபது ஆண்டுகளுக்கு மேல் எடுத்தது.

மாற்றம் பல்வைத்தியத்துக்கு வெளியே இருந்து வந்தது. அமெரிக்கக் கடற்படையின் மேரிலாந்து ஆய்வுகூடத்தில் ஏவுகணை முகப்புக்கு உலோகம் தேடிய வில்லியம் பியூலர், 1959 இல் நிக்கலும் தைத்தேனியமும் ஏறத்தாழச் சம அணு எண்ணிக்கையிற் கலந்த கலப்புலோகமொன்றை ஆராய்ந்தார். அதன் பாளம் குளிர்ந்த நிலையில் நிலத்தில் விழுந்தால் மழுங்கிய ஓசையும், சூடாக விழுந்தால் மணியோசையும் எழக் கண்டு வியந்தார். பின்னர் மடித்த தகடொன்றைத் தீயிற் காட்டியபோது அது தானே நிமிர்ந்துகொண்டது. இரு உலோகங்களின் குறியீடுகளும் ஆய்வுகூடப் பெயரின் முதலெழுத்துகளும் சேர்ந்து அதற்கு நிற்றினோல் என்ற பெயராயின. 1971 இல் அன்ட்றியாசன் இதனைப் பல் சீராக்கும் கம்பியாகப் பயன்படுத்தினார். 1988 இல் வாலியா, பிறாண்ற்லி, கேர்ஸ்ரைன் ஆகிய மூவரும் அதே கம்பியிலிருந்து அரங்களைக் கடைந்து, அவை உருக்கு அரத்தைவிட இரண்டு, மூன்று மடங்கு நெகிழ்வுடையன எனக் காட்டினர். 1990களில் சுழலும் நிக்கல்-தைத்தேனிய அரங்கள் சந்தைக்கு வந்தன. றொலின்ஸ் நூறாண்டுக்கு முன் கண்ட கனவு அப்போதே நனவாயிற்று.

புதிய கால்வாயை அகழ எழுந்த இவ்வரங்களைப் பழைய நிரப்பலை நீக்கவும் பலர் பயன்படுத்தினர். ஆனால் அவற்றின் நுனி, கால்வாயைப் பின்தொடருமாறு மழுங்கலாக ஆக்கப்பட்டது. அடைப்பைக் குடைந்து நுழைய அது இடங்கொடாது. எனவே நிரப்பல் நீக்கத்துக்கென்றே தனி வரிசைகள் தோன்றின. 2000களின் நடுப்பகுதியில் வெளிவந்த புரோதேப்பர் வரிசையில் மூன்று அரங்கள் உள்ளன. 16 மில்லிமீற்றர் நீளமான முதலாவது, வெட்டும் நுனியுடன் மேற்பகுதியைத் திறக்கும். 18 மில்லிமீற்றர் நீளமான இரண்டாவது நடுப்பகுதிக்கும், 22 மில்லிமீற்றர் நீளமான மூன்றாவது அடிப்பகுதிக்கும் உரியன. ஜேர்மனியின் எம்-ரூ, பிரான்சின் ஆர்-எண்டோ ஆகியனவும் இவ்வகையினவே. இவை இயங்கும் முறை எளிது. நிமிடத்துக்கு 500 முதல் 700 சுற்றுகள்வரை சுழலும்போது உராய்வால் எழும் வெப்பம் கட்டாபேர்ச்சாவை இளக்கும். இளகியது, திருகுபள்ளங்கள் வழியே சுருளாக மேலேறி வெளிவரும்.

வேகத்துக்கு விலையும் உண்டு. வளைவினுள் சுழலும் அரத்தின் ஒரு பக்கம் இழுபடும்போது மறுபக்கம் நெருக்குண்ணும். 500 சுற்றென்றால் நிமிடத்துக்கு 500 முறை இவ்வாறு மாறி மாறி நிகழும். உருக்கு அரம் முறியுமுன் திருகு விரிந்து எச்சரிப்பதுண்டு. இக்கலப்புலோகமோ பெரும்பாலும் எவ்வித அறிகுறியுமின்றி முறியும். நிரப்பலை எடுக்கப் போய், அதனினும் எடுத்தற்கரிய உலோகத் துண்டொன்றை உள்ளே விட்டு வந்தவர் எத்தனையோ பேர். 2008 இல் யாரெட் என்பார் ஒரே அரத்தை இருதிசையிலும் மாறி மாறித் திருப்பும் முறையை வெளியிட்டார். 2011 அளவில் வந்த றெசிப்றொக் என்னும் கருவி 150 பாகை ஒருபுறமும் 30 பாகை மறுபுறமும் திரும்பி, மூன்று அசைவில் ஒரு வட்டத்தை முடிக்கும். ஜிறோமற்றிக்கின் ஆட்டம் புதிய உலோகத்தில் மறுபிறவி எடுத்தது என்று கூறினால் மிகையாகாது.

இக்கருவிகளை எவ்வாறு ஒப்பிட்டனர் என்பதே அவற்றின் அமைப்பைவிடச் சுவையான பகுதி. பிடுங்கிய பற்களை எடுத்துக் கால்வாயை நிரப்பிச் சில வாரங்கள் வைத்திருந்து, பின்னர் வெவ்வேறு கருவிகளால் நீக்கி, எடுத்த நேரத்தையும் எஞ்சிய நிரப்பலையும் அளப்பது வழக்கமாயிற்று. தொடக்கத்தில் எக்ஸ் கதிர்ப்படத்தில் எச்சத்தைத் தேடினர். படத்திற் கால்வாய் வெறுமையாகத் தோன்றிய பல்லை நெடுக்காகப் பிளந்தபோது சுவரெங்கும் படலம் காணப்பட்டது. பிளக்கும்போதே எச்சம் சிதறிப் போவதும் உண்டு. பின்னர் வந்த நுண்கணினி அடுக்குப்படமுறை, பல்லைச் சிதைக்காமலே முன்னும் பின்னும் முப்பரிமாணத்தில் அளக்க வழிவகுத்தது. கண் கூர்மையாகக் கூர்மையாக எந்தக் கருவியின் புகழும் சற்றுக் குறைந்தது. சுழற்கருவி கையரத்தைவிடப் பெரும்பாலும் விரைவானது என்பதில் ஆய்வுகள் பொதுவாக ஒத்துப்போகின்றன. எஞ்சும் அளவில் எது குறைவு என்பதில் ஓர் ஆய்வு சொல்வதை மற்றது மறுக்கிறது. எந்தக் கருவியும் கால்வாயை முற்றாகத் துடைக்கவில்லை என்பதும், எச்சம் பெரிதும் வேரின் கடைசி மூன்றிலொரு பகுதியிலேயே தங்குகிறது என்பதும் மீண்டும் மீண்டும் கண்ட முடிவுகள்.

காரணம் கருவியின் வட்டத்துக்கும் கால்வாயின் வடிவத்துக்குமுள்ள பொருத்தமின்மையாகும். சுழல்வது எதுவும் வட்டத்தையே வெட்டும். இயற்கையோ கால்வாய்களைப் பெரும்பாலும் நீள்வட்டமாகவும் தட்டையாகவும் ஆக்கி, இடையிடையே இணைப்புகளையும் வைத்துள்ளது. பீற்றர்ஸும் அவர் குழுவினரும் 2001 இல் மேல் கடைவாய்ப் பற்களில் நிகழ்த்திய ஆய்வில், எந்த முறையைக் கையாண்டபோதும் கால்வாய்ச் சுவரில் 35 வீதமோ அதற்கு மேலோ கருவியால் தீண்டப்படாமலே இருந்தது. அது புதிய கால்வாயை அகழ்ந்த ஆய்வு. பழைய நிரப்பல் ஒட்டியிருக்கும் கால்வாய்க்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதைக் கூறவேண்டியதில்லை. ஆய்வுகூடத்தின் சில வார நிரப்பலும், நோயாளியின் வாயில் இருபது ஆண்டு இறுகிய நிரப்பலும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும். ஒப்பீட்டு அட்டவணைகளை விற்பனைத் தாள்களில் அச்சிடும் நிறுவனங்கள் இதனைப் பெரிதுபடுத்துவதில்லை.

எச்சத்தின் மில்லிமீற்றர்க் கணக்கிலிருந்து நோயாளியிடம் திரும்பினால் நிலைமை வேறு முகம் காட்டுகிறது. சுவீடனிற் சியோகிறனும் பிறரும் 1990 இல் வெளியிட்ட நெடுங்கால ஆய்வில், என்பு கரையாத நிலையில் முதன்முறை சிகிச்சை பெற்ற பற்களுள் 96 வீதம் நலமாயிருந்தன. வேர்நுனி நோயோடு மீள்சிகிச்சை பெற்றவற்றில் 62 வீதமே குணமாயின. எட்டு முதல் பத்து ஆண்டுகள்வரை பின்தொடர்ந்து பெற்ற எண்கள் இவை. 1998 இல் சுன்ட்குவிஸ்ற் குழுவினர் 54 பற்களின் பழைய நிரப்பலை நீக்கி ஆராய்ந்தபோது, 24 இல் நுண்ணுயிர்கள் வாழ்ந்துகொண்டிருக்கக் கண்டனர். உணவின்றியும் நெடுநாள் தாக்குப்பிடிக்கும் என்ரறோகொக்கசு பீக்காலிசு அவற்றுள் முதன்மை பெற்றது. அடைபட்ட இருளில் ஆண்டுக்கணக்காக உயிரோடிருந்த அதனையே வெளியேற்றவேண்டும். கட்டாபேர்ச்சா அதன் மறைவிடம் மாத்திரமே. கருவிகளின் ஒப்பீடுகளிற் பெரும்பாலானவை மறைவிடத்தை அளந்தன; அதனுள் வாழ்வதை அளந்தவை சிலவே.

ஆகவே இன்றைய பல்வைத்தியர் எந்த ஒரு கருவியையும் முழுமையாக நம்புவதில்லை. சுழற்கருவியால் மேலிரு பகுதிகளின் நிரப்பலை விரைவாக எடுத்து, கரைப்பானைச் சிறிதளவு இட்டு, சோடியம் உபகுளோரைற்றுக் கரைசலை மீயொலி அதிர்வினால் கிளறிக் கழுவி, பெருக்கிக் காட்டும் நுணுக்குக்காட்டியின் கீழ் எச்சத்தைத் தேடுகிறார். நுனியை அண்மிய கடைசிச் சில மில்லிமீற்றரில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, முன்கூட்டியே வளைத்த மெல்லிய அரத்தை விரல்களாற் பிடித்து, எங்கே தடை, எங்கே வழி எனத் தொட்டறிந்து செல்பவர் பலர். அவ்வரத்தின் வடிவம் 1915 இல் கேர் நிறுவனம் முறுக்கி விற்கத் தொடங்கிய அரத்தின் வடிவமே.